பேஸ் பெட்டிப் பெருமை

யாழ்ப்பாணத்தில் பழைய ஸ்பீக்கர் பெட்டி விற்கிறவரைப் போல உண்மை பேசுகிற மனிதரை நான் இதுவரை கண்டதில்லை. மானிப்பாய்ப் பக்கம் ஒரு வீட்டு முற்றத்தில், மாமரத்துக்குக் கீழே சாக்குப் போட்டு மூடியிருந்த பேஸ் பெட்டியைக் காட்டி அந்த அண்ணை சொன்னார்: "தம்பி, உது கோயில் குளம் எண்டு அலைஞ்ச பெட்டி இல்லை. சேர்ச்சிலை வைச்சிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வாசிப்பினம். அதுவும் மெல்லமா."

நான் குனிந்து, பெட்டியின் முன்பக்கத்தில் காற்றுப் போய்வர விட்டிருக்கும் துளைக்குள் கையை விட்டேன். முதலில் அகப்பட்டவை இரண்டு பல்லி முட்டைக் கோது. அடுத்தது கசங்கிய கச்சான் சரை. அதற்கும் உள்ளே, நாலாய் மடித்த ஓர் அருச்சனைச் சிட்டை.

ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை கண்டு, மற்ற நாட்களில் அம்மனுக்கு அருச்சனை செய்து, திரும்பி வரும்போது வீதியில் கச்சானும் வாங்கித் தின்ற பெட்டி அது. நல்லிணக்கத்துக்கென்று அலுவலகம் திறந்து கதிரை மேசை போட்ட அரசாங்கங்களுக்குக் கைகூடாத காரியத்தை, நாலு பத்து அங்குல ஸ்பீக்கர் பூட்டிய ஒரு மரப்பெட்டி சத்தமில்லாமல் செய்து முடித்திருக்கிறது. சத்தமில்லாமல் என்பதைச் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொள்ளலாம். பிறகு கொழுவிப் பார்த்தபோது அதிலிருந்து ஒன்றும் வரவில்லை.

நான் திருவிழா இசைக்குழுக்களில் பேஸ் கிற்றார் வாசிக்கிறவன். அந்த வாத்தியத்துக்கு எங்கள் குடாநாடு செய்த உபகாரத்தை நன்றியோடு சொல்ல வேண்டும். கண்ணன் கோஷ்டி, அருணா கோஷ்டி என்று பெரிய குழுக்கள் மேடை ஏறிய நாட்களில் பனையிலும் தென்னையிலும் கட்டியிருந்தவை குழாய் ஸ்பீக்கர்கள். பேஸ் கிற்றாரின் தடித்த நரம்பைத் தட்டினால் அது விநாடிக்கு 41 தடவை அதிரும். குழாய் ஸ்பீக்கர் பெரிய குடும்பத்துப் பிள்ளை. விநாடிக்கு ஏறத்தாழ 300க்குக் கீழே இறங்க அதற்கு மனம் வராது. ஆகவே மேடையில் நின்ற பேஸ் வாசிப்பவர் எந்தச் சுரத்தைத் தட்டினாலும் ஊருக்குக் கேளாது. பிழையாக வாசித்த பேஸ் கலைஞர் என்று ஒருவரைக்கூட அந்தக் காலத்தில் யாரும் குறை சொன்னதில்லை. இன்றைக்கு எங்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. இளையராஜாவின் பாட்டுகளில் சசிதரன் தட்டிய பேஸ் ஓட்டங்களை எல்லோரும் காதுக்குள் செருகிக் கேட்டுவிட்டு வந்து, வீதியில் நின்று ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள்.

1990க்குப் பிறகு வந்த பொருளாதாரத் தடைக்காலத்தைப் புகழாமல் விடவும் கூடாது. மின்சாரம் இல்லை, பற்றரிக்குத் தடை, எரிபொருள் அருமருந்து. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்ட சனம் நாங்கள். ஸ்பீக்கரின் கோன் கிழிந்தால் கடதாசியும் பசையும் வைத்து ஒட்டினோம். அந்தக் காலம் எங்களுக்கு ஒரு பெரிய கலையைக் கற்றுத் தந்துவிட்டுப் போனது: ஒட்டின இடம் தெரியாமல் ஒட்டுவது. தேவைக்காகக் கற்றதைத் தேவை தீர்ந்ததும் விட்டுவிட எங்களுக்கு மனம் வரவில்லை. இப்போதும் ஒட்டுகிறோம், மேலே கறுப்பு மை பூசுகிறோம், "கை படாத சாமான்" என்று விற்கிறோம்.

பழையது வேண்டாம், புதிதே வாங்குவோம் என்று பட்டினத்துக்குப் போனேன். கடைக்குள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பெட்டிகள் நின்றன. சந்தனம், குங்குமம், மேலே ஒரு நூல் மாலை, கோனைச் சுற்றி நீல வெளிச்சம். ஒன்றின் முகத்தில் '3000 வாட்' என்று ஒட்டியிருந்தது. உள்ளேயே அம்ப்ளிபயர் பூட்டிய பெட்டி. பின்னால் தொங்கிய வயரின் நுனியில் 5 அம்பியர் பிளக். எங்கள் ஊரில் மின்சாரம் 230 வோல்ட். அந்தப் பிளக்கால் விடாமல் எடுக்கக்கூடியது 1150 வாட்தான். 1150ஐ வாங்கி 3000ஆகத் திருப்பித் தருகிற பெட்டி இது. இப்படி ஒன்று யாழ்ப்பாணத்துக் கடையில் நிற்பது தெரியாமல் அரசாங்கம் அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி இறக்குமதி செய்துகொண்டிருக்கிறது.

கடைப் பெடியனும் அருமையான பிள்ளை. "தம்பி, கிற்றார் கொண்டந்திருக்கிறன். ஒருக்காக் குத்திப் பாக்கட்டோ?" என்று கேட்டேன்.

"கிற்றார் குத்தினா வொறன்ரி போயிடும், அண்ணை. நான் போனிலை பாட்டுப் போட்டுக் காட்டுறன்."

கிற்றார் குத்துவதற்கென்று வாங்கும் பெட்டியைக் கிற்றார் குத்தாமல் காப்பாற்றுகிற அந்த வொறன்ரிக் கடதாசியை வாங்கி வாசித்தேன். ஒரு வருடம். கோன் கிழிந்தால் செல்லாது, கொயில் எரிந்தால் செல்லாது, தண்ணீர் பட்டால் செல்லாது. ஸ்பீக்கரில் கோனையும் கொயிலையும் கழித்தால் மிஞ்சுவது காந்தமும் அதைத் தாங்கும் இரும்புக் கூடையும். அந்த இரண்டுக்கும் கொம்பனி முழுப் பொறுப்பு. காந்தம் பன்னிரண்டு மாதத்துக்குள் காந்தமாக இருப்பதை நிறுத்திக்கொண்டால் நாங்கள் பட்டினத்துக்கு ஓடி வரலாம்.

ஹொஃப்மன் என்றொருவரின் பெயரால் ஒலிக்காரர்கள் ஒரு விதி சொல்வார்கள். சின்னப் பெட்டி, ஆழமான பேஸ், குறைந்த வலுவில் கூடிய சத்தம் ஆகிய மூன்றில் எந்த இரண்டை எடுத்தாலும் மூன்றாவதை விட்டுக்கொடுக்க வேண்டும். இரும்பு விதி என்று அதற்குப் பெயர். கடைப் பெடியன் மூன்றையும் தந்தான். அதோடு ஒரு மைக்கும் இலவசம். பெட்டியை ஒரு கையால் தூக்கியும் காட்டினான். உள்ளே இருந்த பலகையின் கனத்தை அதிலேயே தெரிந்துகொண்டேன்.

இந்த இடத்தில் ஔவையாரை நினைக்காமல் ஒரு தமிழன் கடையை விட்டு இறங்க முடியாது. அதியமானுக்காகத் தூது போன இடத்தில் தொண்டைமான் தன் ஆயுதசாலையைத் திறந்து காட்டுகிறான். உன் வேல்கள் எண்ணெய் பூசி, மாலை போட்டு, காவலுக்குள் எவ்வளவு அழகாக இருக்கின்றன, எங்கள் அரசனுடையவை முனை முறிந்து கொல்லன் பட்டறையில் அல்லவா கிடக்கின்றன என்று அவர் புகழ்ந்த கதை புறநானூற்றின் 95ஆம் பாட்டு. நான் பள்ளிக்கூடத்தில் பாடமாக்கியது. பழைய சாமான் வாங்கும்போதெல்லாம் அதைத்தான் கைகாவலாக வைத்திருந்தேன். மாலை போட்ட பெட்டி தொண்டைமான் கட்சி. பட்டறையில் உடைந்து கிடக்கும் பெட்டி அதியமான் கட்சி. உழைத்த பெட்டியே உத்தமம்.

ஔவையாரில் பிழையில்லை. முறிந்த வேலெல்லாம் போரில்தான் முறிந்தது என்று நினைத்துக்கொண்டது நான். மானிப்பாய் முற்றத்தில் நின்ற வேல் மழையில் நனைந்து முறிந்தது. அடுத்த ஊரில் பார்த்ததை மாடு மிதித்திருந்தது.

இதற்கிடையில் கனடாவிலிருக்கும் சித்தப்பாவின் அன்பையும் சொல்லிவிடுகிறேன். "உங்கை வாங்காதை, நான் அனுப்புறன்" என்றார். ரொறன்ரோவில் யாரோ நிலவறையைத் துப்புரவாக்கும்போது வெளியே வைத்த பேஸ் அம்ப், பெட்டியும் அம்ப்ளிபயரும் ஒன்றாகச் சேர்ந்தது, கப்பலில் வந்து கொழும்புத் துறைமுகத்தில் இறங்கி, நான் துறைமுகச் செலவு கட்டி, லொறியில் ஏ9 வழியாக வீடு வந்து சேர்ந்தது. அது வீதியோரம் வைத்த சாமான் என்று சித்தப்பா சொல்லவில்லை. தன் கொடையைத் தானே சொல்லிக்கொள்ளாத பெருந்தன்மை. கனடாவில் மின்சாரம் 120 வோல்ட் என்பதையும் அதே பெருந்தன்மையோடு சொல்லாமல் விட்டார். நான் 230இல் கொழுவினேன். ஒரேயொரு சுரம் வந்தது. என் வாழ்நாளில் அந்த அளவு நிறைவான தாழ்சுரத்தை நான் கேட்டதில்லை. பிறகு வெள்ளைப் புகை, பிறகு அம்மா. யப்பானிலிருந்து வரும் பாவித்த சாமான்கள் இன்னும் சாது. அவை 100 வோல்ட்டுக்குச் செய்தவை. அம்ப்ளிபயர் இல்லாத வெறும் பெட்டிக்கு இந்தக் கரைச்சல் கிடையாது, அதற்கு எந்த நாட்டு மின்சாரமும் தேவையில்லை. அதை எனக்குச் சொன்னவர் எரிந்ததைத் திருத்த வந்தவர். திருத்தவில்லை, சொன்னார்.

புதிதும் வேண்டாம், பழையதும் வேண்டாம், பெட்டி அடிப்பிப்போம் என்று ஒரு தச்சரிடமும் போனேன். பெட்டியின் கொள்ளளவும் துளையின் நீளமும் ஸ்பீக்கரின் குணத்தோடு பொருந்த வேண்டும் என்று அவுஸ்திரேலியாவில் நெவில் தீல் என்பவர் 1961இல் கணக்குப் போட்டுக் காட்டினார். றிச்சர்ட் ஸ்மோல் எழுபதுகளில் அதை விரித்தார். எங்கள் தச்சர் அவ்வளவு காலம் எடுக்கவில்லை. முற்றத்தில் மிஞ்சிக் கிடந்த நாலு அங்குல எஸ்லோன் குழாயை எடுத்து, "ஓட்டைக்கு இது காணும்" என்றார்.

ஆகவே மறுபடி பழைய பெட்டிகளைப் பார்க்கத் திரும்பினேன். நெல்லியடி, சாவகச்சேரி, சுன்னாகம் என்று ஆறேழு முற்றங்கள். எல்லா இடத்திலும் ஒரே உபசாரம். படலை திறக்கும், கதிரை வரும், பெட்டிக்கு மேலிருந்த துணி எடுபடும், உடனே தேத்தண்ணி வரும். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஒரு வீட்டுத் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு அந்த வீட்டுச் சாமானின் ஸ்குறூவைக் கழற்றுவது எங்கள் ஊரில் மரியாதை இல்லை. குடிக்கிறவரைக்கும் நீங்கள் வாங்க வந்தவர். குடித்த பிறகு விருந்தாளி. விருந்தாளி பின்பலகையைத் திறக்கச் சொல்வானா? நான் ஐந்து முற்றங்களில் குடித்தேன். ஐந்திலும் நன்றாகத் தலையாட்டினேன்.

சுன்னாகத்தில் மட்டும் வீட்டில் பால் முடிந்திருந்தது. தேத்தண்ணி வரப் பிந்தியது. அந்த இடைவெளியில் நான் ஸ்குறூ ட்றைவரை எடுத்துவிட்டேன்.

"திறக்கத் தேவையில்லை, தம்பி. கொம்பனி பூட்டினபடி கிடக்கு" என்றார் அந்த ஐயா. கொம்பனி பூட்டின எட்டு ஸ்குறூவில் மூன்று ஒரு மாதிரி, இரண்டு இன்னொரு மாதிரி, ஒன்று கதவுப் பிணைச்சலுக்குப் போடுவது, மற்ற இரண்டும் இல்லை. இருந்தவை உப்புக் காற்றில் துருவேறியிருந்தன. எந்தப் பக்கம் போனாலும் கடலை விட்டு ஆறேழு மைலுக்கு மேல் விலக முடியாத குடாநாட்டில் துருவைக் குறை சொல்ல நான் யார்? பலகையை எடுத்தேன். உள்ளே நாலு ஸ்பீக்கர்கள், நாலும் நாலு தாய் பிள்ளைகள். ஒன்று இங்கிலாந்து, ஒன்று சீனா, மற்ற இரண்டுக்கும் பிறப்பு அத்தாட்சி இல்லை. சீனாக்காரனின் முகத்தில் இங்கிலாந்தின் பெயர் ஒட்டியிருந்தது.

ஒன்றன்பின் ஒன்றாகக் கோனின் மேல் இரண்டு கை விரல்களையும் பரப்பி வைத்து, சமமாக, மெல்ல உள்ளே அமுக்கிப் பார்த்தேன். நல்ல ஸ்பீக்கர் பஞ்சு போலப் போய்த் திரும்பும். சத்தம் இராது. கொயில் கோணியிருந்தால் மண்ணில் செருப்புத் தேய்வது போலச் சரசரக்கும். முதலாவது சரசரத்தது. "அது புழுதி" என்றார் ஐயா. மீற்றரை வைத்தேன். எட்டு ஓம் என்று எழுதின ஸ்பீக்கர் மீற்றரில் ஆறுக்கு அண்மையாகக் காட்ட வேண்டும். இரண்டாவது ஒன்றுமே காட்டவில்லை. "அது உங்கட மீற்றர்" என்றார். மூன்றாவதும் நாலாவதும் உயிரோடு இருந்தன. ஒன்றரை வோல்ட் பற்றரியின் சக முனையைச் சகத்திலும் சயவைச் சயத்திலும் தொட்டால் கோன் வெளியே துள்ள வேண்டும். மூன்றாவது வெளியே வந்தது. நாலாவது உள்ளே போனது. யாரோ வயரை மாறிப் பற்றவைத்திருக்கிறார்கள். மூன்றாவது காற்றைத் தள்ளும்போது நாலாவது இழுக்கும், இரண்டின் உழைப்பும் பெட்டிக்குள்ளேயே தீர்ந்துவிடும், வெளியே பேஸ் வராது. எங்கள் ஊர்ச் சங்கங்களின் யாப்பைப் படித்துவிட்டுத்தான் அந்த வயரைப் பற்றவைத்திருக்க வேண்டும். அவ்வளவு பொருத்தம்.

ஆனால் கூடு இருந்ததே, அது வேறு கதை. தட்டிப் பார்த்தால் மேசையைத் தட்டியது போலக் கெட்டியான சத்தம். விளிம்பில் உறை கிழிந்த இடத்தில் ஒட்டுப்பலகையின் அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்றாகத் தெரிந்தன. மரத்தூளை அமுக்கிச் செய்த பலகை எங்கள் மார்கழி மழைக்கு ஊறிய பாண் மாதிரி வீங்கும். இது வீங்கவில்லை. கறையான் இல்லை. மூலைகளில் உள்ளே கட்டை வைத்து இறுக்கியிருந்தது. பழையதில் உழைத்துத் தேய்ந்தது எது, உதாசீனத்தில் அழிந்தது எது என்பது பின்பலகை திறந்தால்தான் தெரியும். இந்தப் பெட்டியில் அழிந்தவை எல்லாம் கழற்றி மாற்றக்கூடியவை.

விலை கேட்டேன். ஐயா டொலர்க் கணக்குச் சொன்னார். 2022 தொடக்கத்தில் டொலர் 200 ரூபா. மே மாதத்தில் ஏறத்தாழ 360. இறக்குமதிச் சாமான் விலை ஏறியது எல்லோருக்கும் விளங்கும். சமாதான காலத்தில், 2002இல் ஏ9 பாதை திறந்த கையோடு சுன்னாகத்துக்கு வந்து, அதற்குப் பிறகு படலையைத் தாண்டாத பெட்டியும் அந்த மே மாதத்தில் உலகச் சந்தையோடு சேர்ந்து ஏறியிருக்கிறது. டொலர் 300க்கு இறங்கியபோது பெட்டி இறங்கவில்லை. ஏறினதை இறக்குவது கனம் என்று விட்டிருப்பார்கள். நாற்பது கிலோ இருக்கும்.

அந்தக் கனத்தை நான் பழிக்க மாட்டேன். அமெரிக்காவில் அம்பெக் கொம்பனி 1969இல் எஸ்விரி என்ற அம்ப்ளிபயரோடு எட்டுப் பத்து அங்குல ஸ்பீக்கர் பூட்டிய பெட்டியைக் கொண்டுவந்தது. அதைக் குளிரூட்டிப் பெட்டி என்று செல்லமாக அழைப்பார்கள். அந்த வழியில் பின்னால் வந்த ஒரு பெட்டி 63 கிலோ. இப்போது நியோடிமியக் காந்தம் வைத்த ஸ்பீக்கர்கள் வந்து பெட்டிகள் பாதிக் கனமாகிவிட்டன. குறிகட்டுவான் இறங்குதுறையில் நயினாதீவுப் படகுக்குள் நாற்பது கிலோவை இறக்கிய நாளில் அந்தக் காந்தத்தைக் கண்டுபிடித்தவர்களை நான் மனதாரக் கும்பிட்டேன். படகோட்டியும் பெட்டியைப் பார்த்துவிட்டு எனக்கு இரண்டு ரிக்கற் கேட்டார்.

இவ்வளவு தேடுதலும் எதற்காக என்றால், எங்கள் திருவிழா மேடைகளில் அரை மணித்தியாலம் வாசிப்பதற்காக. 2007 நவம்பரில் உயர் நீதிமன்றம் வெலிகாமத்துப் பள்ளிவாசல் வழக்கில் தீர்ப்புச் சொல்லும்போது, இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி கொடுக்கக் கூடாது என்று நாட்டுக்கே பொதுவாக வைத்தது. விசேட நாட்களுக்கு மட்டும் விலக்கு. ஆலய பரிபாலன சபைகள் சட்டத்தை எங்களை விட நன்றாக மதிக்கின்றன. ஏழு மணிக்கு மேடை என்பார்கள். வரவேற்புரை, தலைமையுரை, ஆசியுரை, வெளிநாட்டிலிருந்து வந்தவருக்குப் பொன்னாடை, அவரை அழைத்து வந்தவருக்குப் பொன்னாடை, நன்றியுரை. ஒன்பதரைக்கு எங்களைக் கூப்பிடுவார்கள். முதல் பாட்டில் மைக் கூவும், இரண்டாவதில் அடங்கும், மூன்றாவதில் பேஸ் மெல்ல எழும். 41 அதிர்வின் அலை ஒன்று எட்டு மீற்றர் நீளம். அதைத் தடுத்துத் திருப்பச் சுவரில்லாத திறந்த வீதியில் அது சோளகத்தோடு போய்விடும். அது போய்ச் சேருமுன்னே பத்து மணி.

இதனால்தான் எங்கள் குடாநாட்டுப் பெட்டிகளில் சில இருபது வருடத்துக்குப் பிறகும் உண்மையிலேயே கை படாத சாமானாக இருக்கின்றன. விற்கிறவர்களை நான் நம்பாமல் விட்டது அநியாயம்.

சுன்னாகத்துக் கூட்டை வாங்கினேன். கூட்டுக்கு மட்டும் காசு கொடுத்தேன், ஸ்பீக்கர்களை ஐயாவுக்கே திருப்பிக் கொடுத்தேன். அவர் அதற்குள் இரண்டாவது ஸ்பீக்கரைத் துடைத்துக் கறுப்பு மை பூசத் தொடங்கியிருந்தார். நாலும் ஒரே இனமாய், பெட்டியின் கொள்ளளவுக்குப் பொருந்துகிற புதிய ஸ்பீக்கர்களைக் கொழும்பு முதலாம் குறுக்குத் தெருவில் எடுத்தேன். கூடு பழையது, உயிர் புதியது. மொத்தச் செலவு, கண்ணாடிக்குள் நின்ற 3000 வாட்டை விடக் கொஞ்சம் குறைவு. தடித்த நரம்பைத் தட்டினால் கால் கட்டை விரலுக்குத் தெரிகிறது.

நீங்களும் பெட்டி பார்க்கப் போகிறவராக இருந்தால் ஒரு ஸ்குறூ ட்றைவர், ஒரு மீற்றர், ஒரு ஒன்றரை வோல்ட் பற்றரி, உங்கள் கிற்றார், ஏதாவதொரு அம்ப் இவ்வளவும் கொண்டு போங்கள். பின்பலகையைத் திறந்து பார்த்து முடியும்வரை தேத்தண்ணியைத் தொடாதீர்கள். திறக்க விடமாட்டேன் என்றால் சண்டை பிடிக்க வேண்டாம், பெட்டியை நாலு வார்த்தை நன்றாகப் புகழ்ந்துவிட்டு எழும்பி வாருங்கள்.